கேர்க் சொன்னதும் சட்டம் சொல்வதும்

அமெரிக்காவின் 1964ஆம் ஆண்டுச் சிவில் உரிமைகள் சட்டம் ஒரு பெருந்தவறு என்று, மறைந்த வலதுசாரி விமர்சகர் சார்லி கேர்க் 2023 டிசம்பரில் பேசினார். அது வெள்ளையருக்கு எதிரான ஆயுதமாகிவிட்டதாம். சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். தொழில் பற்றிய ஏழாம் பகுதி கறுப்பர், வெள்ளையர் என்று பிரிக்கவேயில்லை. இனம், நிறம், சமயம், பால், பிறந்த தேசம் என்றுதான் சொல்கிறது.

டெக்சாஸில் சரக்குத் திருட்டுக் குற்றச்சாட்டில் சிக்கிய மூவரில் வெள்ளையர் இருவரை நீக்கிவிட்டு, கறுப்பரை மட்டும் கம்பனி வைத்துக்கொண்டது. அந்த வெள்ளையருக்கும் இதே சட்டம் பாதுகாப்புத்தான் என்று 1976இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. தீர்ப்பை எழுதியவர் யார் தெரியுமா? அந்த மன்றத்தின் முதல் கறுப்பின நீதியரசர் தர்குட் மார்ஷல். கேர்க்கின் பேச்சு இந்த இடத்தில் நிற்காது. பயிற்சியிடங்களில் பாதியைக் கறுப்பினத் தொழிலாளருக்கு ஒதுக்கியதை அனுமதித்த 1979ஆம் ஆண்டு வெபர் தீர்ப்பை வேண்டுமானால் அவர் பக்கம் காட்டலாம். அதில் வாதத்துக்கு இடமிருக்கிறது.

நம்மட ஆக்கள் கவனிக்க வேண்டியது ‘சமயம்’ என்ற சொல்லை. 1972இல் அதற்குள் சமய அனுஷ்டானமும் சேர்ந்தது. ஒக்லஹோமாவில் ஹிஜாபோடு நேர்முகப் பரீட்சைக்குப் போன 17 வயதுப் பிள்ளைக்கு உடுப்புக் கடையொன்று வேலை கொடுக்கவில்லை. அந்தச் சட்டம் உருவாக்கிய ஆணைக்குழுவே வழக்காடி, 2015இல் உச்ச நீதிமன்றத்தில் எட்டுக்கு ஒன்று என்று வென்றது.