ஆனைக்காத் தீவில் ஒரு முற்றுகை

முக்கொம்பிலே இரண்டாகப் பிரிந்து, தெற்கே காவேரி என்றும் வடக்கே கொள்ளிடம் என்றும் பெயர் பூண்டு, கல்லணைக்கருகே மறுபடியும் நெருங்கிவரும் நதியானது தன் இரு கைகளுக்கிடையே ஏந்தியிருக்கும் நீண்ட தீவில், திருவரங்கத்துக்குக் கிழக்கே அமைந்திருப்பது திருவானைக்கா. வெண்ணாவல் மரத்தடியில் அப்புலிங்கமாய் ஈசன் எழுந்தருளியிருக்கும் இத்தலத்தைத் தேவாரம் பாடிய மூவரும் ஆனைக்கா என்றே அழைத்தனர். சோலையைக் குறிக்கும் ‘கா’ என்ற சொல்லை ஜனங்களின் நாவு ‘காவல்’ ஆக்கிற்று. அந்தக் காவலுக்குக் கொடியதொரு பரீட்சை 1752ஆம் வருஷத்தில் நேர்ந்தது.

நதித் தீவுகள் போர்வீரருக்குப் புகலிடமாவது உலகெங்கும் கண்டதே. உக்ரேன் தேசத்துக் கொசாக்குகள், தினீப்பர் நதியின் பாறைத் தடைகளுக்கு அப்பாலுள்ள தீவுகளை ஆதாரமாகக் கொண்டு, 1775இல் ருஷியப் பேரரசி காதரினின் சேனை அவர்களுடைய கோட்டையை அழிக்கும்வரை சுயேச்சையாக வாழ்ந்தார்கள். காவேரியின் சுபாவமோ வேறு. ஆடியில் கரைபுரளும் அவள், சித்திரை வைகாசியில் மணல்வெளியாய்க் கிடப்பாள்.

கர்நாடக நவாப் பட்டத்துக்காக முகம்மது அலியைத் திருச்சிக் கோட்டையில் முற்றுகையிட்டிருந்த சந்தா சாகிபும், அவருக்குத் துணையாக வந்த பிரெஞ்சுத் தளபதி லாவும், ஆங்கிலத் தளபதி லாரன்ஸ் உதவிப்படையுடன் வந்து சேர்ந்ததும், 1752 ஏப்ரலில், தென்கரையில் சேமித்திருந்த தானியங்களில் பெரும்பகுதியைத் தாமே கொளுத்திவிட்டுத் தீவுக்குள் புகுந்தார்கள். லா ஆனைக்காக் கோயிலையும், சந்தா சாகிபின் படைகள் அரங்கன் கோயிலையும் அரணாகக் கொண்டன. ஐந்து பிராகாரங்களையும் வானளாவிய மதில்களையும் நம்பி, கைக்கெட்டிய உணவைத் தீக்கிரையாக்கிய அந்த முடிவை யுத்த சாஸ்திரம் அறிந்த எவரும் மன்னிக்கமாட்டார்.

ஏனெனில், தீவைப் பிடிக்க வேண்டிய அவசியமே எதிரிக்கு இல்லாமற்போயிற்று. வழிகளை அடைத்தாலே போதுமானதாயிற்று. வடக்கே சமயபுரத்தில் ஆங்கிலப் படைத்தலைவர் கிளைவ் பாசறை அமைத்து, புதுச்சேரியிலிருந்து வரும் பாதையை மறித்தார். லால்குடியிலிருந்த தானியக் களஞ்சியம் பறிபோயிற்று. கிழக்கே கோவிலடியைத் தஞ்சைத் தளபதி மானோஜி கைப்பற்றினார். கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள பிச்சாண்டார்கோயிலும் விழவே, அங்கிருந்து சந்தா சாகிபின் முகாமின்மீது பீரங்கிகள் முழங்கின. மைசூர்ப் படைகளும், முராரி ராவின் மராட்டியக் குதிரைகளும் முகம்மது அலியின் பக்கம் நின்றன. புதுக்கோட்டைத் தொண்டைமானின் குதிரைவீரரும் கள்ளர் காலாட்படையும் அவ்வாறே அவருக்குத் துணைநின்றார்கள். காடுகளின் சந்துபொந்தெல்லாம் அறிந்த இம்மக்கள் கோட்டைக்குள்ளிருந்தோர்க்கு உணவு போய்ச்சேர வழிசெய்ததை, கிளைவின் புகழ் பாடும் நூல்கள் ஓரிரு வரியில் கடந்துவிடுவது எனக்குப் பெரும் மனத்தாங்கல். கொசாக்குகளின் சுயேச்சை 1775இல் முடிந்தது. தொண்டைமானின் சமஸ்தானமோ 1948 மார்ச் வரையில் நிலைத்தது.

ஜூன் மாதத்தில் பசியும் கலைந்தோடும் படையுமே எஞ்சின. தப்பவிடுவதாக வாக்களித்த மானோஜியை நம்பிச் சென்ற சந்தா சாகிப் தஞ்சைப் பாசறையில் சிரச்சேதம் செய்யப்பட்டார். ஆனைக்காக் கோயிலில் லா சரணடைந்தார்.

காவேரிக்குத் தெற்கே, திருச்சி நத்தர்வலி தர்காவில் சந்தா சாகிபின் சமாதி இருக்கிறது. அவரோடு பட்டத்துக்குப் போரிட்டு, 1795இல் சென்னையில் காலமான முகம்மது அலியும் அதே தர்காவில்தான் அடக்கமாகியிருக்கிறார்.