எஃகைக் கடந்த வாயு

இரும்பினும் திண்ணியது வேறில்லை என்று எண்ணிப் பழகிய மனித புத்திக்கு, அவ்விரும்பினுள்ளேயே புகுந்து மறுபுறம் வெளிப்படும் வாயு ஒன்று உண்டு என்னும் உண்மை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் புலப்படலாயிற்று. 1863-ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்து ரசாயன சாஸ்திரிகளான செயின்ட்-கிளேர் டெவிலும் ட்ரூஸ்டும், செந்நிறமாகப் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குழாயின் சுவரை ஹைட்ரஜன் ஊடுருவிச் செல்வதைக் கண்டனர். மூன்றாண்டு கழித்து, பல்லேடியம் தன் கன அளவைப்போல் பல நூறு மடங்கு ஹைட்ரஜனை உட்கொள்ளும் விந்தையைத் தாமஸ் கிரஹாம் அளந்து உரைத்தார்.

இதே காலத்தில், இழுப்பதற்குமுன் கம்பியின் மேற்செதிலைப் போக்குவதற்காக அதை அமிலத்தில் தோய்த்தெடுக்கும் வழக்கமுடைய கம்பித் தொழிலோடு தொடர்புகொண்டிருந்த மான்செஸ்டர் நகரத்து வில்லியம் ஜான்சன், 1875-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஓர் ஆச்சரியத்தை அறிவித்தார். சிலநிமிஷ நேரம் அமிலத்தில் கிடந்த கம்பி, வளைத்தால் ஒடிந்துபோயிற்று. ஒடிந்த முகத்தை ஈரமாக்கினால் நுரை கிளம்பிற்று. அக்கம்பியையே சில காலம் விட்டுவைத்தால், உட்புகுந்த ஹைட்ரஜன் மெல்ல வெளியேற, பழைய உறுதி மீண்டது.

இவ்வூடுருவலின் ரகசியம் யாதெனில், இரட்டை அணுக்களாய் இணைந்து திரியும் ஹைட்ரஜன், உலோகத்தின் மேற்பரப்பில் பிரிந்து ஒற்றை அணுக்களாகி, உலோக அணுக்களின் இடைவெளிகளில் தாவித் தாவி நடந்து, அப்புறத்து மேற்பரப்பில் மீண்டும் இணைந்து வாயுவாகப் பறந்துவிடுகிறது என்பதே.

இவ்வியல்பின் கொடுமையை முழுவதும் அனுபவித்தவர் ஜெர்மனியின் கார்ல் போஷ். காற்றின் நைட்ரஜனை ஹைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியா செய்யும், ரசாயன சாஸ்திரி ஹேபரின் முறையைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவர முனைந்த அவருடைய எஃகுக் குழாய்கள், மிகுந்த உஷ்ணத்தையும் 200 மடங்கு வாயுமண்டல அழுத்தத்தையும் தாங்கி ஏறத்தாழ 80 மணி நேரம் உழைத்தபின் வெடித்துச் சிதறின. எஃகுக்கு வலிமையளிக்கும் கரியை ஹைட்ரஜன் கவர்ந்து மீத்தேனாக்கிவிட்டதென்பதை, வெடித்த துண்டங்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து அவர் தெளிந்தார்.

அணைபோட்டுத் தடுக்க இயலாத வெள்ளத்துக்கு மதகு வைப்பதே விவேகம். இழப்பதற்குக் கரியே இல்லாத மெல்லிரும்பை உள்ளுறையாக அமைத்து, அழுத்தத்தைத் தாங்கும் புறத்து எஃகில் சிறு துளைகளிட்டு, உறையைக் கடந்துவரும் ஹைட்ரஜன் தேங்காமல் வெளியேற வழிசெய்தார் போஷ். 1913-இல் ஜெர்மனியின் ஒப்பாவ் ஊரில் அமைந்த ஆலை அம்மோனியா வழங்கத் தொடங்கிற்று. 1931-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பகைப்பொருளின் குணத்தை மறுக்காமல் ஏற்றுக்கொண்ட அந்த அடக்கமே, பின்னர் உலகத்து வயல்களுக்கு உரமாகப் பாய்ந்தது. அச்சிறு துளைகள் இன்றளவும் போஷின் பெயராலேயே வழங்குகின்றன.