கொம்பு முறிந்த மாடும் கீறல் விழுந்த காரும்

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் புதுக் கார் ஓட்டுபவர்களில் கணிசமானோர் அந்தக் காரின் சொந்தக்காரர்கள் அல்லர். இரண்டு, மூன்று அல்லது நான்கு வருடங்களுக்கு லீஸுக்கு எடுக்கிறார்கள். மாதாமாதம் பணம் கட்டுகிறார்கள். காலம் முடிந்ததும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். எடுக்கும் நாள் சந்தோஷமான நாள். கொடுக்கும் நாள்தான் சங்கடம். பரிசோதகர் ஒருவர் வந்து காரைச் சுற்றிச் சுற்றி நடக்கிறார். பம்பரில் ஒரு கீறல், கதவில் ஒரு ஒடுக்கு, சக்கர விளிம்பில் நடைபாதைக் கல் உரசிய தழும்பு, பின் இருக்கையில் ஒரு கறை என்று எல்லாம் தாளில் ஏறுகின்றன. சில வாரம் கழித்து வீட்டுக்கு ஒரு பில் வருகிறது.

"மூன்று வருடம் ஓட்டிய கார் வேறு எப்படி இருக்கும்?" என்று கேட்கிறார் ஓட்டியவர். "மாதப் பணம் ஓட்டியதற்கு, இடித்ததற்கு அல்ல" என்கிறது கம்பெனி. இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் சண்டை தீருவதில்லை.

வாடகைக்கு எடுத்த பொருளைச் சிறு காயத்தோடு திருப்பிக் கொடுத்தால் நஷ்டம் யாருடையது? கார் வந்த பிறகு பிறந்த கேள்வி அல்ல இது. ஏறக்குறைய 4000 ஆண்டுகளுக்கு முன்பே இதற்குச் சட்டம் எழுதி வைத்திருக்கிறார்கள். அப்போது வாடகைக்குப் போன வண்டி, மாடு.

சுமேரியாவின் விலைப் பட்டியல்

இன்றைய ஈராக்கின் தென்பகுதியில் இருந்த இசின் நகரத்தை கி.மு. 1930 வாக்கில் லிபித் இஷ்தார் என்ற அரசன் ஆண்டான். அவன் பெயரில் சுமேரிய மொழியில் ஒரு சட்டத் தொகுப்பு களிமண் பலகைகளில் கிடைத்திருக்கிறது. வாடகைக்கு எடுத்த மாட்டைக் காயப்படுத்தினால் என்ன கொடுக்க வேண்டும் என்று அதில் வரிசையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. மூக்கணாங்கயிறு போடும் இடத்தில் சதையைக் கிழித்துவிட்டால் மாட்டின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. கண்ணைக் கெடுத்தால் பாதி விலை. கொம்பை முறித்தால் கால் பங்கு. வாலைச் சேதப்படுத்தினாலும் கால் பங்கு.

இன்றைய லீஸ் கம்பெனியின் சேதப் பட்டியலுக்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை. ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு தொகை. இந்தப் பட்டியலின் தர்க்கமும் கவனிக்கத்தக்கது. கொம்பு முறிந்த மாடு உழும், ஆனால் சந்தையில் விலை குறையும். ஒரு கண் போன மாட்டால் வேலையும் குறையும், விலையும் குறையும். ஆக, பொருளின் சொந்தக்காரர் எவ்வளவு இழந்தார் என்பதே அளவுகோல்.

கி.மு. 1750 வாக்கில் பாபிலோனின் ஹமுராபி வெளியிட்ட சட்டங்களும் இதே வழியில் போகின்றன. அவற்றைத் தாங்கிய கருங்கல் தூண் 1901-02இல் ஈரானின் சூசாவில் கண்டெடுக்கப்பட்டு, இப்போது பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. வாடகை மாடு அலட்சியத்தாலோ அடியாலோ செத்தால் மாட்டுக்கு மாடு கொடுக்க வேண்டும். கண் போனால் பாதி விலை. ஆனால் வயலில் சிங்கம் வந்து கொன்றுவிட்டால் நஷ்டம் சொந்தக்காரருக்கே. தெய்வச் செயலாக மாடு செத்தால், எடுத்தவர் கடவுள் பெயரால் சத்தியம் செய்துவிட்டுப் போகலாம்.

இங்கே ஒரு கோடு போடப்பட்டுவிட்டது. கை தவறு ஒரு பக்கம், விதி மறு பக்கம். ஆனால் மூன்றாவது ஒன்று இருக்கிறது. மாடு உழுது உழுதே வயதாகிறது, கழுத்தில் நுகத்தடி காய்ப்பு விழுகிறது. இதற்கு இந்தப் பட்டியல்களில் விலை இல்லை. பைபிளின் யாத்திராகமம் 22ஆம் அதிகாரம் இதை ஒட்டிய ஒரு விதியைச் சொல்கிறது. இரவல் வாங்கிய மிருகம், சொந்தக்காரர் கூட இல்லாதபோது காயப்பட்டால் ஈடு கொடுக்க வேண்டும். வாடகைக்கு வாங்கியதென்றால் அந்த நஷ்டம் வாடகையிலேயே அடங்கிவிடுகிறது. இரவலும் வாடகையும் ஒன்றல்ல. பணம் கொடுத்தவர் கொஞ்சம் ஆபத்தையும் சேர்த்துத்தான் விலைக்கு வாங்கியிருக்கிறார் என்ற எண்ணம் இதில் இருக்கிறது.

ரோமாபுரியின் குதிரை

ரோமானிய வழக்கறிஞர்கள் இந்த விஷயத்தை இன்னும் நுட்பமாக யோசித்தார்கள். வாடகைக்கு எடுத்தவர் கவனமான குடும்பத் தலைவர் எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர் தவறினால் பொறுப்பு அவருடையது. தடுக்க முடியாத பெரும் சக்தியால் வந்த கேடு அவருடையதல்ல.

கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பொம்போனியஸ் என்ற சட்ட அறிஞரின் கருத்து ஒன்று ஜஸ்டினியன் பேரரசரின் 533ஆம் ஆண்டுத் தொகுப்பில் இடம்பெற்றிருக்கிறது. குறிப்பிட்ட ஊர்வரை போக ஒருவருக்குக் குதிரை தரப்படுகிறது. அவர் மேல் எந்தத் தப்பும் இல்லாமல் வழியிலேயே குதிரை நலிந்துபோகிறது. அவர் பொறுப்பாளி அல்ல. அவ்வளவு தூரத்தைத் தாங்காத குதிரையைக் கொடுத்தவர்தான் தவறு செய்தவர் என்கிறார் பொம்போனியஸ். இங்கே குதிரை இரவலாகத்தான் தரப்பட்டது. இரவலுக்கே இந்த நியாயம் என்றால் வாடகைக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒப்புக்கொண்ட பயன்பாடு, அதிலிருந்து வரும் நலிவு, இரண்டும் சேர்ந்தே வருகின்றன. ஒன்றுக்குச் சம்மதித்தவர் இன்னொன்றுக்கும் சம்மதித்தவரே.

மறுபக்கமும் உண்டு. ஒப்புக்கொண்ட இடத்தைத் தாண்டி வேண்டுமென்றே குதிரையை ஓட்டிப் போனால் ரோமானியர்கள் அதைத் திருட்டாகவே கருதினார்கள். இன்று லீஸ் ஒப்பந்தத்தில் வருடத்துக்கு இத்தனை மைல் என்று வரம்பு கட்டி, மீறிய ஒவ்வொரு மைலுக்கும் காசு கேட்கிறார்கள். பழைய குற்றம் இப்போது கட்டணமாகிவிட்டது.

இலண்டனிலிருந்து கல்கத்தாவுக்கு

ரோமானியச் சிந்தனை ஆங்கிலச் சட்டத்துக்குள் முறையாக நுழைந்தது 1703இல். இலண்டனில் ஒரு நிலவறையிலிருந்து இன்னொன்றுக்கு பிராந்திப் பீப்பாய்களை மாற்றித் தர ஒருவர் ஒப்புக்கொண்டார். ஒரு பீப்பாய் உடைந்து பிராந்தி கொட்டிப்போனது. காக்ஸ் எதிர் பெர்னார்ட் என்று பெயர் பெற்ற அந்த வழக்கில் தலைமை நீதிபதி ஹோல்ட், பிறர் பொருளைக் கையில் வைத்திருக்கும் நிலைகளை ஆறு வகையாகப் பிரித்தார். வாடகைக்கு எடுத்தவர் உச்சபட்சக் கவனம் காட்ட வேண்டும் என்றார்.

இது அதிகம் என்று மறுத்தவர் வில்லியம் ஜோன்ஸ். சமஸ்கிருதத்துக்கும் கிரேக்கத்துக்கும் உள்ள உறவைச் சொன்னவர் என்று நம் பாடப்புத்தகங்களில் வரும் அதே ஜோன்ஸ்தான். 1783இல் நீதிபதியாகக் கல்கத்தா வருவதற்கு முன், 1781இல் இந்தப் பொருள் பற்றியே ஒரு நூல் எழுதினார். வாடகையில் இரு தரப்புக்கும் லாபம் இருக்கிறது, எனவே எடுத்தவரிடம் சாதாரணக் கவனத்தை எதிர்பார்த்தால் போதும் என்பது அவர் வாதம்.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இந்த அளவுகோலைத்தான் ஏற்றது. அதன் 151ஆம் பிரிவின்படி, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அவ்வளவு கவனம் போதும். 154ஆம் பிரிவு தரும் உதாரணத்தில் ரோமானியக் குதிரை இந்தியச் சாலையில் நடக்கிறது. கல்கத்தாவிலிருந்து காசிக்குப் போவதாகச் சொல்லிக் குதிரை வாடகைக்கு எடுத்த ஒருவர் கட்டாக்குக்குப் போகிறார். கவனமாகத்தான் ஓட்டினார். குதிரை தவறி விழுந்து காயப்பட்டது. அப்போதும் அவர்தான் ஈடு கட்ட வேண்டும், ஏனென்றால் ஒப்புக்கொண்ட வழி வேறு. இலங்கையில் ரோமன் டச்சுச் சட்டம் இன்றும் பொதுச் சட்டமாக இருப்பதால், அங்கே ரோமானியர்களின் விதிகளுக்கு நேரடி வாரிசுரிமையே உண்டு.

கார் லீஸ் வந்த கதை

1918இல் சிகாகோவில் வால்டர் ஜேக்கப்ஸ் என்ற இளைஞர் பன்னிரண்டு ஃபோர்டு மாடல் டி கார்களை வைத்து வாடகைத் தொழில் தொடங்கினார். அதுவே பின்னாளில் ஹெர்ட்ஸ் கம்பெனியானது. அது நாள் கணக்கு வாடகை. வருடக் கணக்கில் காரைக் கொடுக்கும் முறைக்கு முன்னோடியாக, அதே சிகாகோவில் 1939இல் ஐந்து கார்களை ஒரு மருந்துக் கம்பெனிக்குக் கொடுத்த ஸோலி ஃபிராங்க் என்ற கார் வியாபாரியைச் சொல்வார்கள்.

லீஸின் கணக்கு எளிமையானது. காரின் இன்றைய விலை ஒன்று, லீஸ் முடியும்போது இருக்கும் என்று மதிப்பிடும் விலை ஒன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தையும், போட்ட பணத்துக்கு வட்டியையும் மாதங்களுக்குப் பங்கிட்டால் மாதத் தவணை வரும். அதாவது சாதாரணத் தேய்மானத்தின் விலை மாதத் தவணைக்குள் ஏற்கெனவே இருக்கிறது. நுகத்தடிக் காய்ப்புக்கு முன்கூட்டியே பணம் கொடுத்தாயிற்று. ஆகவே கடைசியில் கேட்கக்கூடியது அதற்கு மேற்பட்ட சேதத்துக்கு மட்டும்தான்.

லீஸ் கம்பெனிகளிடமிருந்து சாதாரணக் குடும்பங்களுக்குப் பரவியபோது சிக்கல் வந்தது. அப்போது பல ஒப்பந்தங்களில், கார் மதிப்பிட்டதைவிடக் குறைவாக விலைபோனால் மிச்சத்தை எடுத்தவரே கட்ட வேண்டும் என்றிருந்தது. குறைந்த தவணையைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர்கள் கடைசி நாளில் பெரிய பில்லைப் பார்த்துத் திகைத்தார்கள். 1976இல் அமெரிக்க நாடாளுமன்றம் நுகர்வோர் லீஸ் சட்டத்தை நிறைவேற்றியது. இறுதிப் பொறுப்பு என்ன என்பதை ஆரம்பத்திலேயே எழுத்தில் சொல்ல வேண்டும். விலைக் குறைவுக்காகக் கேட்கும் தொகை மூன்று மாதத் தவணையைத் தாண்டினால், தாண்டிய பகுதி நியாயமற்றது என்றே பொதுவாகக் கொள்ளப்படும். தேய்மானத்துக்கு அளவுகோல் வைத்தால் அது நியாயமானதாக இருக்க வேண்டும்.

ஆனால் அந்த மூன்று மாத வரம்புக்குள் அளவு மீறிய சேதம் வராது. மேலும், பிறகு பரவலான லீஸ்களில் சந்தை விலை இறங்கும் நஷ்டத்தைக் கம்பெனியே ஏற்றது. ஒரு வாசல் மூடியதால் சண்டை முழுவதும் கீறலிலும் ஒடுக்கிலும் வந்து நின்றது. 1986இன் வரிச் சீர்திருத்தம் சொந்தக் கார் கடன் வட்டிக்கு இருந்த வரிச் சலுகையைப் படிப்படியாக நீக்கியபோது லீஸ் இன்னும் பெருகியது. சண்டையும் பெருகியது.

கோட்டை யார் போடுவது?

அமெரிக்க ஒப்பந்தப் படிவங்களில் வழக்கமாக ஒரு வாசகம் இருக்கும். அளவு மீறிய தேய்மானத்துக்கு, "எங்கள்" அளவுகோலின்படி பணம் வசூலிக்கப்படலாம் என்பது அதன் சாரம். சிக்கல் முழுவதும் அந்த "எங்கள்" என்ற சொல்லில் இருக்கிறது. பொருளின் சொந்தக்காரரே அளவுகோலை எழுதுகிறார், அவர் அனுப்பும் ஆளே அளக்கிறார், அவரே பில் போடுகிறார்.

பிரிட்டனில் வாடகை, லீஸ் தொழிலின் சங்கமான பிவிஆர்எல்ஏ இதற்கு ஒரு பொது வழிகாட்டி வெளியிடுகிறது. அடிப் பூச்சோ தகடோ தெரியாத 25 மில்லிமீட்டர் வரையிலான மேலோட்டமான கீறல் இயல்பான தேய்மானம், அதற்கு மேல் சேதம் என்பது போன்ற அளவுகள் அதில் உண்டு. தொழில் தரப்பே எழுதியது என்றாலும், ஒரு கம்பெனிக்கு ஒரு நியாயம் என்ற நிலையை அது குறைத்தது. அமெரிக்காவில் சில கம்பெனிகள் கிரெடிட் கார்டை வைத்துப் பார்க்கின்றன. ஒடுக்கு அட்டைக்குள் மறைந்தால் மன்னிப்பு, வெளியே தெரிந்தால் பில்.

கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் இந்த அட்டைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது எடுத்தவர் கையிலும் இருக்கிறது. காரைக் கொடுக்கும் முன்பே அவர் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். கட்டணம் அதிகம் என்றால் வெளியே டிங்கரிங் செய்துவிட்டுக் கொடுக்கலாம். எடுத்த நாளன்றும் கொடுத்த நாளன்றும் தேதியோடு படம் பிடித்து வைக்கலாம். ஹமுராபி காலத்தில் சாட்சி இல்லாதவருக்குக் கடவுள் மேல் சத்தியம் இருந்தது. இன்று அந்த இடத்தில் புகைப்படம் இருக்கிறது.

சுமேரிய விவசாயி மாட்டை ஓட்டிப் போகும்போதே கொம்புக்கு என்ன விலை, கண்ணுக்கு என்ன விலை என்பது ஊரறிந்த விஷயம். மாட்டுக்காரரும் அதை மாற்ற முடியாது, ஏனென்றால் அதை அவர் எழுதவில்லை. தொகை கடுமையாக இருந்திருக்கலாம், ஆனால் மாடு திரும்பி வந்த பிறகு பிறந்த தொகை அல்ல. 1976இன் சட்டம் செய்ய முயன்றதும், 25 மில்லிமீட்டர் கோடு செய்வதும் அதைத்தான். கீறலுக்கு விலை இருப்பதில் அநியாயம் எதுவும் இல்லை. அந்த விலையைக் கீறல் விழுந்த பிறகு ஒரு தரப்பு மட்டும் சொல்வதில்தான் அநியாயம் தொடங்குகிறது. லீஸில் கையெழுத்துப் போடுபவர் மாதத் தவணையைப் படிப்பதற்கு முன் கடைசிப் பக்கத்திலுள்ள தேய்மான அளவுகளைப் படிப்பது நல்லது. அவர் ஓட்டிப் போகும் மாட்டின் கொம்பு விலை அங்கேதான் எழுதியிருக்கிறது.