தொகை என்னும் பெயர்

நுண்கணிதத்தின் இரு பாதிகளுக்கும் தமிழ் வைத்திருக்கும் பெயர்கள் வகையீடு, தொகையீடு. பொருளைத் தொகை, வகை, விரி எனப் பகுத்துப் பழகிய மொழிக்கு இவை அதிகம் தேடாமலே கிடைத்திருக்க வேண்டும். ஆனால் இரண்டாவது பெயரைப் பற்றி ஐரோப்பாவில் ஒரு சிறு வழக்கே நடந்திருக்கிறது.

1675 அக்டோபர் 29 அன்று பாரிசிலிருந்த லைப்னிட்ஸ், தம் கைக்குறிப்பில் நீட்டி வளைத்த எஸ் எழுத்தொன்றை எழுதினார். அதுவரை அவர் எழுதிவந்தது ‘எல்லாம்’ எனப் பொருள்படும் ‘ஓம்னியா’வின் சுருக்கம். புதிய குறி ‘சும்மா’ என்ற இலத்தீன் சொல்லின் முதலெழுத்து. (நம் ‘சும்மா’ அன்று, அங்கே அதற்குக் கூட்டுத்தொகை என்று பொருள்.) பெர்னூலி சகோதரர்களோ முழுமையைக் குறிக்கும் ‘இன்டெக்ரல்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். 1690இல் யாக்கோபு பெர்னூலி அதை அச்சேற்றினார். கடைசியில் குறி லைப்னிட்ஸுடையது, பெயர் பெர்னூலிகளுடையது என்றாயிற்று. தமிழோ பெர்னூலிகளை விட்டுவிட்டுக் குறியின் பக்கமே நின்றுகொண்டது. அது சரியான பக்கம் என்பது என் கட்சி.

வகுப்பறையில் இந்தப் பெயர் வீணாகிறது. எக்ஸ் வர்க்கத்தின் தொகையீடு என்ன என்று கேட்டால், ‘எக்ஸ் கனத்தில் மூன்றிலொன்று, கூட்டல் மாறிலி’ என்று விடை பறந்து வரும். எதை எதோடு கூட்டினாய் என்று கேட்டுப் பாருங்கள், பையன் விழிப்பான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் வகையீட்டைப் பின்னோக்கி ஓட்டுவதுதான்.

கூட்டித்தான் பார்ப்போமே. ஒவ்வோர் எண்ணுக்கு மேலும் அதன் வர்க்கத்தை உயரமாக நிறுத்தினால் பரவளையம் கிடைக்கும். சுழியிலிருந்து ஒன்று வரை அதன் கீழுள்ள பரப்பைப் பத்துச் சம அகலக் கீற்றுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் வலப்பக்க உயரத்தைக் கொடுத்துச் செவ்வகமாக்கிக் கூட்டினால் 0.385 வரும். நூறு கீற்றானால் 0.33835. ஆயிரமானால் 0.33383. செவ்வகங்கள் வளைவுக்கு வெளியே துருத்தும் மிச்சம் கரையக் கரைய, தொகை மூன்றிலொன்றை நெருங்குகிறது. அந்த எல்லைதான் வரையறுத்த தொகை.

இத்தனை கூட்டலைப் பின்னோட்டம் ஒரே வரியில் முடித்துவிடுவது எப்படி? பரப்பின் வலது ஓரத்தை மயிரிழை நகர்த்துங்கள். புதிதாகச் சேர்வது ஒரு மெல்லிய கீற்று. அதன் அகலம் நகர்த்திய தூரம், உயரம் அங்கே வளைவுக்குள்ள உயரம். ஆகவே, பரப்பு வளரும் வீதம் வளைவின் உயரமே. வளரும் வீதம் தெரிந்தால் வளர்ந்ததை மீட்டுவிடலாம். நுண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம் இவ்வளவுதான். மாறிலியும் எங்கிருந்து அளக்கத் தொடங்கினோம் என்பதன் தடயமே.

ஆனால் எல்லா வளைவும் இப்படி வசப்படாது. புள்ளியியலில் வரும் மணி வடிவ வளைவின் பின்னோட்டத்தை நமக்குப் பழக்கமான சார்புகளைக் கொண்டு எழுதவே முடியாது. பின்னோட்டம் இப்படி அகப்படாத சார்புகளை அடையாளம் காணும் வழியைக் கணிதர் லியூவில் 1830களில் வகுத்தார். பின்னோட்டத்தை மட்டும் கற்றவனுக்கு அத்தோடு வழி அடைந்துபோகிறது. பரப்போ அங்கேயேதான் இருக்கிறது.

இங்கே கை கொடுப்பது மதுப் பீப்பாய். 1613இல் மறுமணம் செய்துகொண்டு லின்ஸ் நகரில் குடியிருந்த கெப்ளர், மது விற்க வந்தவர் பீப்பாயின் துளைக்குள் சாய்வாக ஒரு கோலை விட்டுக் கொள்ளளவைச் சொன்னது கண்டு ஐயுற்றார். அந்த ஐயம் 1615இல் பீப்பாய்களின் கன அளவு பற்றிய நூலாக வெளிவந்தது. இரு முனை உயரங்களோடு நடு உயரத்தின் நான்கு மடங்கைக் கூட்டி, அகலத்தால் பெருக்கி ஆறால் வகுக்கும் முறையை ஜெர்மானியர் இன்றும் கெப்ளரின் பீப்பாய் விதி என்பார்கள். நாம் சிம்ப்சன் விதி என்று படிப்பது அதன் விரிவுதான்.

மணி வளைவில் அதை வைத்துப் பார்க்கலாம். உச்சியை ஒரு முனையாகக் கொண்டால் அங்கே உயரம் 1, அரை அலகு தள்ளி 0.7788, ஓர் அலகு தள்ளி 0.3679. விதிப்படி உச்சியிலிருந்து அந்த ஓர் அலகு வரையுள்ள பரப்பு 0.7472. உண்மை மதிப்பு 0.7468. மூன்றே அளவுகளுக்கு இது மோசமில்லை.

வியாபாரியின் கோலும் பிழைத்துக்கொண்டது. ஆஸ்திரியப் பீப்பாய்களின் விகிதம் பெருமக் கொள்ளளவை ஒட்டியது, அதனால் வடிவம் சற்றுப் பிசகினாலும் அளவு பெரிதாக மாறாது என்று கெப்ளரே கணக்கிட்டு முடித்தார்.