ஸ்டேன்ஸ்: கொங்கு நாட்டில் வேர்விட்ட ஒரு கல்

கோவை அவிநாசி சாலையில் ‘ஸ்டேன்ஸ் ஸ்கூல்’ என்று சொன்னால் போதும், வழி காட்டிவிடுவார்கள். பஞ்சாலையில் உழைத்த குடும்பங்களுக்கு ‘ஸ்டேன்ஸ் மில்’ இன்னும் நெருங்கிய பெயர். தலைமுறை தலைமுறையாகக் கொங்கு நாவில் புழங்கிவரும் இந்த ஆங்கிலக் குடும்பப் பெயரின் வேர்ச்சொல்லுக்குப் பொருள் கல்.

பழைய ஆங்கிலத்தில் கல்லுக்கு ‘ஸ்டான்’ என்று பெயர். அதன் நெடில் ஆகாரம் ஓகாரமாகத் திரிந்து இன்றைய ‘ஸ்டோன்’ ஆனது. பேச்சில் மாறிய ஒலியின் பழைய சாயல் ஊர்ப்பெயர்களில் தங்கிவிட்டது. லண்டனுக்கு மேற்கே, தேம்ஸ் கரையில் உள்ள ஸ்டெய்ன்ஸ் அப்படி ஓர் ஊர். ரோமானியர் அதைப் ‘பாலங்கள்’ என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். 1086இல் எடுக்கப்பட்ட டூம்ஸ்டே நிலக்கணக்கிலோ அது கற்களின் பெயரோடு, கோவைக்காரர்கள் அறிந்த ‘ஸ்டேன்ஸ்’ என்ற அதே எழுத்துக்கூட்டலில் பதிவாகியிருக்கிறது. 1285இல் அங்கே லண்டன் நகர அதிகாரத்தின் எல்லைக்கல் நடப்பட்டது. ஊர்ப்பெயர் அதற்கு இருநூறு ஆண்டு மூத்தது என்பதால், பெயருக்குக் காரணமான கற்கள் வேறு.

1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், ஜான், வில்லியம் என்ற சில பெயர்களையே ஊரெல்லாம் வைத்துக்கொண்டார்கள். ஆளை அடையாளம் காட்ட இன்னொரு பெயர் தேவைப்பட்டது. தொழில், தந்தை பெயர், உருவம், ஊர் ஆகிய நான்கிலிருந்தும் குடும்பப் பெயர்கள் பிறந்தன. ஊர்ப்பெயர் பெரும்பாலும் ஊரைவிட்டு வெளியேறியவரையே ஒட்டிக்கொள்ளும். எல்லாரும் அவ்வூரார் என்னும்போது உள்ளூரில் அது யாரையும் பிரித்துக் காட்டாது. மோகனூரில் 1888இல் பிறந்த இராமலிங்கம் பிள்ளையைத் தமிழ்நாடு ‘நாமக்கல் கவிஞர்’ என்று அறிவதும் இந்த வழக்கின்படியே. அந்தப் பெயரிலும் ஒரு கல் இருக்கிறது. நம்மிடம் இத்தகைய அடைமொழி ஒருவரோடு நின்றுவிடும். இங்கிலாந்தில் அது பிள்ளைகளுக்கும் இறங்கியது.

அப்படி இறங்கிவந்த பெயரோடு 1858இல் கோவைக்கு வந்தவர் ராபர்ட் ஸ்டேன்ஸ். 1862இல் பள்ளியைத் தொடங்கினார். காபி வணிகத்தில் கால் ஊன்றிய அவர், 1888இல் கோவையின் முதல் நூற்பாலை எழக் காரணமானார். 1936இல் ராபர்ட் மறைந்தார். பெயர் பள்ளியிலும் ஆலையிலும் நின்றது.

இதே வேரிலிருந்து கிளைத்த இன்னொரு பெயரும் கொங்குப் பகுதியில் உண்டு. 1934இல் முடிந்த மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்துக்குச் சென்னை மாகாண ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயரைச் சூட்டினார்கள். ‘ஸ்டான்லி’ என்றால் காட்டுக்கு நடுவே கல் நிறைந்த வெட்டவெளி.

இடத்தின் பெயர் மனிதருக்குப் போய், அந்த மனிதரால் மீண்டும் இடத்துக்கே வந்த கதை இது. ‘ஸ்டேன்ஸ் மில்லுக்குப் போறேன்’ என்று சொன்ன தொழிலாளிக்கு அது தான் நாள்தோறும் நடந்துபோன இடம். ஆகவே கொங்கு ஊர்ப்பெயர்களைத் தொகுப்பவர்கள் பாளையங்களையும் பட்டிகளையும் எழுதும் அதே ஏட்டில் இப்பெயரையும் சேர்க்க வேண்டும். சொல் கடல் கடந்து வந்தது. அதை இடப்பெயராக்கியது கொங்கு மக்களின் வாய்வழக்கு.