தேநீர்க் குடிலின் சிறிய வாயில்

நான் வரலாற்றுப் பாடம் நடத்திய காலத்தில் ஒரு நாள் ஜப்பான் நாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்நாட்டில் தேநீர் வழங்குவதற்கென்றே ஒரு கலை உண்டு என்றும், அதனைக் கற்றுத் தேறப் பல ஆண்டுகள் ஆகும் என்றும் கூறினேன். பின்வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, தேநீருக்குப் பல ஆண்டுப் படிப்பா? எங்கள் தெருமுனைக் கடையில் இரண்டு நிமிடத்தில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்களே!" என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது, நானும் சிரித்தேன். ஆயினும் அவன் கேட்டது நல்ல கேள்வி. அன்று மணி அடித்துவிட்டமையால் முழு விடையும் கூற இயலவில்லை. அதனை இன்று உங்களுக்குக் கூற விழைகிறேன்.

ஜப்பானின் பழந்தலைநகராகிய கியோட்டோவுக்கு இன்று செல்லும் அயல்நாட்டுப் பயணிகள், கோயில்களையும் தோட்டங்களையும் கண்டு திரும்புவதோடு அமைவதில்லை. பாய் விரித்த சிறிய அறையில் அமர்ந்து தேநீர் விருந்தில் பங்கு கொள்கின்றனர். ஜென் மடத்திற்குச் சென்று, துறவியர் வழிகாட்டத் தியானத்தில் அமர்கின்றனர். குயவர் பட்டறையில் களிமண்ணைப் பிசைந்து தம் கையாலேயே கிண்ணம் செய்கின்றனர். தேநீர், தியானம், கைத்தொழில் ஆகிய இம்மூன்றும் வேறு வேறானவை போலத் தோன்றும். உண்மையில் இவை ஒரே கொடியில் பூத்த மலர்கள். அக்கொடி வளர்ந்த வரலாற்றில் அன்பும் உண்டு, அரசச் சினமும் உண்டு, குருதியும் உண்டு.

தேயிலை சீனத்திலிருந்து ஜப்பானுக்கு வந்தது. கி.பி. 815-இல் ஏய்ச்சூ என்னும் பௌத்தத் துறவி சாகா பேரரசருக்குத் தேநீர் வழங்கினார் என்று அந்நாட்டு அரசவை வரலாறு கூறுகிறது. எனினும் அப்பழக்கம் அன்று பரவி வேரூன்றவில்லை. 1191-இல் சீனத்திலிருந்து திரும்பிய ஏய்சாய் என்னும் துறவியே அதற்குப் புத்துயிர் அளித்தார். ஜென் நெறியின் ரின்சாய்ப் பிரிவை ஜப்பானில் நிலைநாட்டியவரும் அவரே.

'ஜென்' என்பது நாம் நன்கு அறிந்த சொல்லின் திரிபேயாகும். 'தியானம்' என்னும் வடசொல் சீனத்தில் 'சான்' என்றாகி, ஜப்பானில் 'ஜென்' என்றாயிற்று. அந்நெறியைச் சீனத்திற்குக் கொண்டு சென்ற போதிதருமரைத் தென்னிந்திய அரசகுமாரர் என்று சீன மரபு கூறும். காஞ்சிபுரத்தவர் என்றும் ஒரு வழக்கு உண்டு. தியானத்தின்போது உறக்கம் வந்ததைப் பொறாமல் அவர் தம் கண்ணிமைகளை அறுத்தெறிந்தார் என்றும், அவை விழுந்த இடத்தில் தேயிலைச் செடி முளைத்தது என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை கதையே, ஆயினும் அதனுள் ஓர் உண்மை பொதிந்துள்ளது. நெடுநேரம் தியானத்தில் அமரும் துறவியர் உறக்கத்தை வெல்வதற்குத் தேநீரைப் பருகினர். 1211-இல் ஏய்சாய் எழுதிய நூலும் தேநீரை உடல் பேணும் மருந்தாகவே போற்றுகிறது.

அவர் கொண்டுவந்த முறை நம் வீட்டு முறையினின்று வேறுபட்டது. தேயிலையை ஆவியில் வேகவைத்து உலர்த்தி, மாவாக அரைத்து, கிண்ணத்தில் இட்டு வெந்நீர் வார்த்து, மூங்கில் மத்தினால் கடைந்து, பொடியோடு சேர்த்தே பருகுவர். சீனர் பிற்காலத்தில் இம்முறையைக் கைவிட்டு, இலையை வெந்நீரில் ஊறவைத்துப் பருகலாயினர். ஆனால், பிறந்த வீட்டில் மறைந்த அம்முறை புகுந்த வீட்டில் நிலைத்துவிட்டது.

மருந்தாக வந்த தேநீர் மெல்ல மெல்ல ஆடம்பரப் பொருளாயிற்று. பதினான்காம் நூற்றாண்டில் செல்வரும் படைத்தலைவரும் கூடி, எந்தத் தேநீர் எந்த ஊரில் விளைந்தது என்று சுவைத்தே கூறும் பந்தயங்களை நடத்தினர். அப்பந்தயங்களில் பெரும்பொருள் கைமாறியது. 1336-இல் வெளியிடப்பெற்ற அரசுச் சட்டம் இத்தகைய கூட்டங்களைக் கண்டிக்கும் அளவுக்கு அப்பித்து முற்றியிருந்தது. பின்னர் 1467 முதல் 1477 வரை நடந்த ஓனின் போரில் கியோட்டோ நகரின் பெரும்பகுதி எரிந்து சாம்பலாயிற்று. மாளிகைகள் அழிந்தன, அரும்பொருள்கள் சிதறின. செல்வத்தின் நிலையாமையைக் கண்ணெதிரே கண்ட அக்காலத்தில்தான் எளிமையை நாடும் புதிய தேநீர்க் கலை தோன்றியது.

அதற்கு வழிகோலியவர் முராட்டா ஜூக்கோ. இவர் 1423 முதல் 1502 வரை வாழ்ந்தவர். இக்கியூ என்னும் ஜென் துறவியிடம் பயின்றவர் என்பது மரபு. பெரிய மண்டபத்தை விடுத்து, நாலரைப் பாய் அளவுள்ள சிறிய அறையை இவர் விரும்பினார். விலையுயர்ந்த சீனப் பாண்டங்களோடு, உள்நாட்டுக் குயவர் செய்த கரடுமுரடான பாண்டங்களையும் சேர்த்து வைத்தார். இவர் காட்டிய வழியைச் சாக்காய் என்னும் துறைமுக நகரத்து வணிகர் தகேனோ ஜோஓ மேலும் செம்மைப்படுத்தினார். ஜோஓவின் மாணவரே இவ்வரலாற்றின் தலைமகனாகிய சென் நோ ரிக்யூ.

ரிக்யூ 1522-இல் சாக்காய் நகரில் ஒரு வணிகர் குடும்பத்தில் பிறந்தார். அது நாடெங்கும் போர் மூண்டிருந்த காலம். வாளின்றி வெளியே செல்வது வீரனுக்கு இழிவு. பிறப்பையும் பதவியையும் பார்த்தே ஒருவர்க்கு இருக்கை தரப்பட்டது. அத்தகைய காலத்தில் ரிக்யூ வகுத்த தேநீர்க் குடிலைச் சற்று உள்ளே சென்று காண்போம்.

முதலில் ஒரு சிறு தோட்டம். ஈரம் பதித்த கற்களின்மேல் கால் வைத்து நடக்க வேண்டும். வழியில் கல்தொட்டி இருக்கும். கையும் வாயும் கழுவ வேண்டும். குடிலின் வெளிச்சுவரில் வாளை வைப்பதற்கு ஒரு தட்டு உண்டு. வீரன் தன் வாளை அங்கேயே வைத்துவிட வேண்டும். வாயிலோ மிகச் சிறியது. ஏறக்குறைய 66 சென்டிமீட்டர் உயரமே உடையது. நிமிர்ந்து நுழைய எவராலும் இயலாது. நாடாளும் தலைவனாயினும் குனிந்து, முழந்தாளிட்டு, ஊர்ந்தே செல்ல வேண்டும். உள்ளே சென்றால் அலங்காரம் எதுவும் இல்லை. சுவரில் ஒரு மாடம்; அதில் பெரும்பாலும் ஒரு ஜென் துறவியின் கையெழுத்துச் சுருள்; அருகே ஒரு மலர். இரும்புப் பாத்திரத்தில் நீர் கொதிக்கும் ஓசையே அங்குள்ள இசை. விருந்தளிப்பவர் தாமே கரி மூட்டி, பாண்டத்தைத் துடைத்து, தேநீரைக் கடைந்து தருவார். ஏவலாளர்க்கு அங்கே வேலையில்லை. கியோட்டோவுக்கு அருகில் யாமசாக்கியில் உள்ள 'தைஆன்' என்னும் குடில் ரிக்யூ அமைத்தது என்பர். அதில் விருந்து நடக்கும் அறை இரண்டே பாய் அகலம் கொண்டது. அது இன்று ஜப்பானின் தேசியச் செல்வங்களுள் ஒன்று.

இக்கலை கைத்தொழிலாளரையும் உயர்த்தியது. சோஜிரோ என்பவர் கூரை ஓடு முதலிய மண்பொருள்கள் செய்துவந்த தொழிலாளி. ரிக்யூவின் விருப்பப்படி அவர் சக்கரத்தில் வனையாமல், கையாலேயே பிடித்து, கறுப்பும் சிவப்புமான கிண்ணங்களைச் செய்தார். அவையே 'ராக்கு' என்னும் புகழ்பெற்ற பாண்டங்கள். அவர் வழிவந்த குடும்பம் பதினாறாம் தலைமுறையாக இன்றும் அத்தொழிலைச் செய்துவருகிறது. நாரா வட்டாரத்துத் தகாயாமா என்னும் சிற்றூரில் மூங்கில் மத்துகள் செய்யப்படுகின்றன. ஒரே மூங்கில் துண்டின் ஒரு பாதியை நூறு அளவுக்கு மெல்லிய இழைகளாகப் பிளந்து, நுனியை வளைத்து, நூல் கொண்டு பின்னுகின்றனர். ஆணியோ பசையோ இல்லை. உஜி என்னும் ஊரில் பறிப்பதற்கு முன் சில வாரங்கள் செடிகளுக்கு நிழற்பந்தல் இட்டு வளர்த்த தேயிலையைக் கல் திருகையில் மெல்ல அரைப்பர். ஒரு மணி நேரம் அரைத்தாலும் 40 கிராம் அளவே பொடி கிடைக்கும். ஒரு கிண்ணத் தேநீருக்குப் பின்னால் இத்தனை பேருடைய கைகள் உள்ளன!

இனி இவ்வரலாற்றின் துயரப் பகுதிக்கு வருவோம். ரிக்யூ முதலில் ஓடா நோபுனாகாவிடமும், அவருக்குப் பின் தோயோதோமி ஹிதேயோஷியிடமும் தேநீர் ஆசானாகப் பணியாற்றினார். ஹிதேயோஷி எளிய குடியில் பிறந்து, வாள் வலியாலும் அறிவு வலியாலும் நாடு முழுவதையும் தம் ஆணைக்கு உட்படுத்தியவர். அவருக்குத் தேநீரில் மெய்யான விருப்பம் இருந்தது. அதனைத் தம் பெருமைக்குக் கருவியாக்கும் விருப்பமும் இருந்தது. சுவரும் தூணும் கூரையும் பொன்தகடு போர்த்த தேநீர் அறை ஒன்றைச் செய்வித்து, 1586-இல் அதனைப் பேரரசரின் அரண்மனைக்கே கொண்டுசென்று காட்டினார்.

1587-இல் கியோட்டோவின் கிட்டானோ ஆலயச் சோலையில் ஒரு பெருந்தேநீர் விழா நடத்தப்போவதாக அவர் அறிவித்தார். உழவரும் வணிகரும் ஏவலாளரும் வரலாம். ஒரு பாத்திரமும் ஒரு கிண்ணமும் இருந்தால் போதும். தேயிலை வாங்க இயலாதவர் வறுத்த தானிய மாவைக் கரைத்துத் தரலாம். ஆர்வமுடையவராயின் சீன நாட்டவரும் வரலாம் என்பது ஆணை. எத்துணை உயர்ந்த அழைப்பு! பத்து நாள் நடக்கவேண்டிய விழா ஒரே நாளில் நிறுத்தப்பட்டது. அதற்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. அதிகாரம் கதவைத் திறக்கவும் வல்லது, மறுநாளே அடைக்கவும் வல்லது என்பதை மக்கள் அன்று கண்டனர்.

நான்கு ஆண்டுகளுக்குள் அதே சினம் ரிக்யூவின்மேல் பாய்ந்தது. கியோட்டோவிலுள்ள தைதொகுஜி என்னும் ஜென் மடத்தின் பெருவாயிலுக்கு மேல்மாடம் எடுக்க ரிக்யூ பொருள் உதவினார். நன்றியுள்ள மடத்தார் அவருடைய மரச்சிலை ஒன்றை அம்மாடத்தில் வைத்தனர். அவ்வாயில் வழியே செல்லும் உயர்ந்தோர் ரிக்யூவின் காலடிக்குக் கீழே செல்லவேண்டி வருகிறதே என்பது குற்றச்சாட்டு. பாண்டங்களை மிகுந்த விலைக்கு விற்றார் என்பதும் சேர்ந்துகொண்டது. உண்மைக் காரணம் வேறு அரசியல் என்பாரும் உளர். 1591-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள், ஹிதேயோஷியின் ஆணைப்படி ரிக்யூ தம் வயிற்றைத் தாமே கிழித்துக்கொண்டு உயிர் துறந்தார். அவர் சிலையையும் மக்கள் காணும்படி பாலத்தருகே மரத்தில் அறைந்தனர்.

குனிந்து நுழையும்படி பிறரைப் பணித்த வாயிலைக் கட்டியவர், தம் சிலை உயரத்தில் நின்றதற்காக உயிரிழந்தார். சிறிய வாயிலில் ஒரு நாழிகை குனிந்தவர், வெளியே வந்து வாளை எடுத்தவுடன் நிமிர்ந்துவிட்டார். ஒரு கலை மனிதனைப் பண்படுத்தும் என்று நாம் சொல்கிறோம். பண்படுவதும் படாததும் அவனைப் பொறுத்தது என்பதை இந்நிகழ்ச்சி கற்பிக்கின்றது.

மற்றொரு துயரையும் மறைத்தல் கூடாது. 1592 முதல் 1598 வரை ஹிதேயோஷி கொரியாவின்மேல் படையெடுத்தார். ஜப்பானியத் தேநீர் அன்பர்கள் கொரியக் கிண்ணங்களை மிகவும் மதித்தனர். ஆதலின் படைத்தலைவர்கள் திரும்பும்போது கொரியக் குயவர்களையும் தம் நாட்டுக்குக் கொண்டுவந்தனர். ஹாகி, சாத்சுமா, அரித்தா முதலிய இடங்களின் மட்கலச் சிறப்பு அவர்கள் கைத்திறனால் விளைந்தது. அழகிய கிண்ணத்தைக் கையில் ஏந்தும் பயணி, பிறந்த மண்ணைப் பிரிந்து வந்த அக்கைகளையும் நினைத்தல் வேண்டும்.

ரிக்யூ இறந்தார், அவர் கலை இறக்கவில்லை. சில ஆண்டுகளில் அவர் குடும்பம் மன்னிக்கப்பட்டது. பேரர் சோத்தான் வறுமையிலும் அக்கலையைக் காத்தார். அவர் மக்கள் மூவர் வழியாக ஓமோதேசெங்கே, உராசெங்கே, முஷாகோஜிசெங்கே என்னும் மூன்று பள்ளிகள் தோன்றி இன்றும் விளங்குகின்றன.

1868-இல் மெய்ஜி ஆட்சி மாற்றம் வந்தது. மேனாட்டு வழக்கமே உயர்வு என்று கருதிய காலம் அது. தலைநகரம் டோக்கியோவுக்கு மாறவே கியோட்டோ நலிந்தது. தேநீர்க் கலையை ஆடல் பாடல் போன்ற கேளிக்கைகளுள் ஒன்றாக அரசு எண்ண முற்பட்டபோது, உராசெங்கே பள்ளியின் பதினோராம் தலைவர் கெங்கென்சாய், அது ஒழுக்க நெறி என்று விளக்கி விண்ணப்பித்தார்.

1872-இல் கியோட்டோவில் ஒரு கண்காட்சி நடந்தது. அதனைக் காண அயல்நாட்டவருக்குத் தனி இசைவு அளிக்கப்பட்டது. ஆனால் அவர்களால் முழந்தாளை மடக்கிப் பாயில் அமர முடியவில்லை. கெங்கென்சாய் என்ன செய்தார்? மேசையும் முக்காலியும் அமைத்து, அமர்ந்தபடியே தேநீர் கடைந்து வழங்கும் 'ரியூரெய்' என்னும் புதிய முறையை வகுத்தார். இருக்கை மாறியது; விருந்தினரைப் போற்றும் முறை மாறவில்லை. இன்று அயல்நாட்டுப் பயணியர் பெறும் தேநீர் விருந்துகளுக்கு அதுவே ஒரு முன்னோடி எனலாம். 1906-இல் ஒக்காகுரா ககுசோ தேநீரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் இக்கலையை உலகறியச் செய்தது.

மாணவ நண்பர்களே! உங்களுள் சிலர் கல்விக்காகவோ தொழிலுக்காகவோ பின்னாளில் ஜப்பான் செல்லக்கூடும். கியோட்டோவில் ஒரு கிண்ணத் தேநீர் உங்கள் முன் வைக்கப்படலாம். அதனை வலக்கையால் எடுத்து இடக்கையில் தாங்கி, கிண்ணத்தின் முகப்பில் வாய் படாதபடி சற்றே திருப்பிப் பருகுங்கள் என்று சொல்லித் தருவார்கள். அவ்வாறு செய்யுங்கள், ஆனால் அதனோடு நின்றுவிடாதீர்கள். இச்சந்திப்பு வாழ்நாளில் ஒரு முறையே நிகழ்வது, இதே மனிதர் இதே பொழுதில் மீண்டும் கூடுவதில்லை என்னும் எண்ணத்தோடு அங்கே விருந்தளிக்கின்றனர். வேடிக்கை பார்க்க வந்தவரைப் போலப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினால் அந்த விருந்து நமக்குக் கிடைக்காது. நம் தமிழில் 'விருந்து' என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். புதிதாய் வந்தவரைப் போற்றுவது ஒரு பண்பு. புதிய இடத்தில் பணிவோடு நுழைவது மற்றொரு பண்பு. இரண்டும் கூடினால்தான் விருந்து நிறைவுறும்.

அன்று கேள்வி கேட்ட மாணவனுக்கு நான் கூற விரும்பும் விடை இதுவே: தேநீரைப் பருக இரண்டு நிமிடம் போதும். வாளை வெளியே வைத்துவிட்டுக் குனிந்து உள்ளே செல்லக் கற்பதற்குத்தான், தம்பி, பல ஆண்டுகள் ஆகின்றன. நாடாண்ட ஹிதேயோஷிக்கு அது இறுதிவரை கைவரவில்லை.