கைரேகைச் சட்டமும் கள்ளர் பள்ளிகளும்



மகளின் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பிய பழைய மாணவர் ஒருவர், "டி.என்.சி. என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அது யார் சார்?" என்று கேட்டிருந்தார். ஒரு வரியில் பதில் போட மனம் வரவில்லை.

டி.என்.சி. என்றால் சீர்மரபினர். வெள்ளைக்காரர்கள் 'குற்றப் பரம்பரை' என்று முத்திரை குத்திய மக்கள். 1871-இல் வட இந்தியாவில் வந்த சட்டம், 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒருவர் திருடினாரா என்று விசாரிக்க வேண்டியதில்லை. அந்தச் சாதியில் பிறந்தாலே போதும். பதிவேட்டில் பெயர் ஏறும், விரல்கள் மையில் தோயும். பலர் இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். புது மாப்பிள்ளைக்கும் இதே கதிதான்.

மதுரைக்கு மேற்கே உள்ள பிரமலைக் கள்ளர்கள் இதில் சிக்கினார்கள். ஊர்க்காவல் பார்த்துக் கூலி வாங்குவது அவர்கள் வழக்கம். வெள்ளையர் போலீஸ் வந்தபின் அந்தக் காவலே குற்றமாகிவிட்டது.

நம் ஊர்க்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வல்லத்திராக்கோட்டை அப்போது புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தது. நம்மை ஆண்ட தொண்டைமான்களும் கள்ளர் மரபினர்தான். கம்பெனிக்குத் துணை நின்ற அவர்களுக்குப் பீரங்கி முழங்கி மரியாதை செய்தது அதே வெள்ளை அரசு. பிறவிக் குணம் என்றதெல்லாம் சும்மா. அடங்கினாரா, அடங்கவில்லையா என்பதுதான் கணக்கு.

1920 ஏப்ரல் 3. உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை எடுக்கப் போலீஸ் வந்தது. ஊர் மறுத்தது. துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் உண்டு. நாங்கள் படித்த பாடநூலில் முந்தைய ஆண்டின் ஜாலியன்வாலாபாக் இருந்தது, இது இல்லை.

அந்த மக்களுக்காக வாதாடியவர் மதுரையில் வக்கீலாக இருந்த மலையாளி, ஜார்ஜ் ஜோசப். 'ரோசாப்பூ துரை' என்று பாசமாக அழைத்தார்கள். முத்துராமலிங்கத் தேவர், ஜீவானந்தம் போன்றவர்களும் போராடி, 1947-இல் சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது. நாடு முழுக்க ஒழிய 1952 ஆனது.

வாத்தியாராக என்னை யோசிக்க வைப்பது பள்ளிக்கூடங்கள்தான். 'சீர்திருத்துகிறோம்' என்று ஆங்கில அரசு கள்ளர் சீரமைப்புத் துறை அமைத்துப் பள்ளிகள் திறந்தது. பிள்ளைகளைக் கண்காணிக்கும் நோக்கமும் அதில் இருந்தது. ஆனால் எழுத்து யார் கொடுத்தாலும் எழுத்துதானே! அப்பன் ரேகை வைத்த இடத்தில் மகன் கையெழுத்துப் போட்டான். அந்தப் பள்ளிகளில் படித்தவர்கள் ஆசிரியர்களாக, அதிகாரிகளாக வந்தார்கள். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் ஏறக்குறைய 300 பள்ளிகள் இருக்கின்றன.

பெயர்ச் சண்டையும் ஓயவில்லை. சீர்மரபுப் 'பழங்குடியினர்' என்றிருந்ததை 1979-இல் தமிழக அரசு 'வகுப்பினர்' என்று மாற்றியது. 40 ஆண்டுகள் போராடிய பின் 2019-இல், மத்திய அரசின் நலத்திட்டங்களுக்கு மட்டும் டி.என்.டி. என்று சான்றிதழ் தர ஆணை வந்தது. அப்போது ஒரே மனிதருக்கு இரண்டு பெயர் என்றானது!

2023 பட்ஜெட்டில், பல துறைகளின் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்பதாக அறிவித்தபோது, கள்ளர் பள்ளிகளும் அதில் அடக்கம் என்று அந்தப் பக்கம் கடும் எதிர்ப்புக் கிளம்பியது. நிர்வாகத்துக்கு இணைப்பு வசதிதான். ஆனாலும் அந்தப் பெயர்ப் பலகையைக் கழற்றுமுன் அந்த ஊர்ப் பெரியவர்களைக் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

உசிலம்பட்டி, செக்கானூரணிப் பக்கம் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் இருந்தால், அங்குள்ள பாட்டிமார்களிடம் ராதாரிச் சீட்டு பற்றிக் கேட்டு எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.